இருபத்தொன்று புள்ளி எட்டு

வட்டின் விளிம்பில் ஓர் எண்ணைப் பொறித்திருக்கிறார்கள்.
21.8.
அதற்குக் கீழே தேய்ந்தால் தூக்கி எறி என்று அர்த்தம்.
என் மைக்ரோமீட்டர் 21.6 காட்டுகிறது.

ஆக, போன ஞாயிறு டீ க்ரோயஸ் ஓடுதளத்தில்
கடலைப் பார்த்து இறங்கும் திருகு வளைவில்
சுற்றுக்குச் சுற்று நான் கடைசி நொடிவரை மிதிக்காமல் இருந்தது
இல்லாத இரண்டு மயிரிழை இரும்பை நம்பி.

விரிசல்கள் வேறு.
நகம் வைத்து ஓட்டினேன். வழுக்கிப் போவதை மன்னிக்கலாம்.
ஒன்று மட்டும் நகத்தைப் பிடித்துக்கொண்டு
விடமாட்டேன் என்றது.

திங்களன்று இதே கார்தான்
வீடு வீடாகப் புண்ணுக்குக் கட்டு மாற்றப் போகும்.
பின்சீட்டில் பஞ்சுப் பெட்டி, அதன் மேல் ஹெல்மெட்.
மடியில் பூனையுடன் கதவு திறப்பவர்களுக்கு
என் கையில் மணப்பது டெட்டாலா பிரேக் தூசியா
தெரியாது.

லங்கெவ்னி கடையில் டெஸ்னி
மூன்று வட்டுகளைக் கவுண்டரில் பரப்பினாள்.

துளையிட்டது: அழகுதான்.
உப்புச்சேறு துளைகளில் குடியேறும். ஒரு கோடையில்
துளைக்குத் துளை விரிசல் ஓடி
தபால்தலை மாதிரி கிழியும்.

கோடு கீறியது: மிதிக்கும்போதெல்லாம் முனகும்.
பேடைத் தேங்காய் போலத் துருவித் தின்னும்.

அலுமினிய நடுவுடன் இரண்டு துண்டாய் வருவது...
'விலையைப் பார்க்காதே' என்று அவளே எடுத்து உள்ளே வைத்துவிட்டாள்.

மிச்சம்: வெறும் வட்டு. வார்ப்பிரும்பு.
முகத்தில் ஒன்றுமில்லை, வயிற்றுக்குள் காற்றுக்கு வழி.
'ரெண்டு ஜோடியா எடுத்துக்க, ஹெலெத்.
எப்படியும் ஆகஸ்ட்ல வந்து நிப்பே.'

ஒற்றைத் திருகு. அதற்கு மாலை நாலு மணியிலிருந்து ஏழு வரை.
தீவில் வாழும் இரும்பு கடலுக்குத்தான் வாக்கப்பட்டிருக்கிறது.
எண்ணெய், சுத்தியல், வெல்ஷில் மூன்று கெட்ட வார்த்தை,
கடைசியில் ட்ரில்.
வட்டு கழன்று விழுந்த சத்தத்தில்
பக்கத்து வீட்டு நாய் குரைப்பதை நிறுத்தியது.

ஹப்பைக் கம்பித் தூரிகையால் தேய்த்தேன்.
ஒரு துணுக்குத் துரு அங்கே தங்கினாலும்
நூற்றிருபதில் ஸ்டியரிங் என் கைகளைப் பிடித்துக் குலுக்கும்.

பழைய இரும்புக் கடையில் பதினோரு கிலோ.
நிறுத்தி நிறுத்தித் தேய்ந்ததை
நிறுத்துப் பார்த்து
ஒன்றரைப் பவுண்டு கொடுத்தார்கள்.

புது வட்டைப் பழக்க வேண்டும்.
விடிகாலை, ஆளில்லாத விமானதளச் சாலை.
எண்பதிலிருந்து இருபது. மறுபடி எண்பது. மறுபடி இருபது.
நிற்கக் கூடாது.
சூட்டில் மிதித்தபடி நின்றால்
பேட் தன் முகத்தை வட்டில் பதித்துவிடும்.
ஒன்பதாவது முறை, நடுச்சாலையில் ஓர் ஆடு.
நின்றேன். உடனே காலை எடுத்தேன். கைப்பிரேக்கையும் தொடவில்லை.
கியரில் விட்டு எஞ்சினை அணைத்தேன்.
டிக், டிக் என்று இரும்பு ஆறிக்கொண்டிருந்தது.
கருகிய வாடை ஆட்டுக்குப் பிடிக்கவில்லை.
அதற்கு அவசரமும் இல்லை.

செவ்வாய்க்கிழமை, மென்னா வீடு. இடது கணுக்காலில் புண்.
கதவு திறக்க ஆறு நிமிடம் ஆனது.
திறந்தபோது பல்செட் இல்லை, ஒரு கை ஸ்வெட்டருக்கு வெளியே.
'திருட்டுத்தனமா வர்றியா?' என்றாள்.

எனக்குத் தெரியாது.
இரண்டு வருடமாக தேவாலய வளைவில்
என் குளிர்ந்த பேட்கள் கீச்சிடுவதைக் கேட்டுத்தான்
அவள் கெட்டிலைத் தட்டிவிட்டு, பல்லை மாட்டி,
கம்பை ஊன்றிக் கிளம்புவாள்.
நான் வெட்கப்பட்ட சத்தம்
அவளுக்குக் கடிகாரம்.

'மூணு வாரம் பொறுங்க. புதுசும் கத்த ஆரம்பிச்சிடும்.'

அதுவரை வளைவில் ஒருமுறை ஹாரன் அடிக்கிறேன்.
தேநீர் தயாராகத்தான் இருக்கிறது.
ஆனாலும் குறை சொல்கிறாள்:
'யாரோ வர்ற மாதிரி இருக்கு.'