பத்தொன்பதுக்கும் இருபதுக்கும் நடுவே

பதினான்காம் கேள்விக்கு வந்ததும்
எல்லா வீட்டிலும் யாராவது ஒருவர்
எனக்குத் தண்ணீர் எடுத்துவர எழுந்துவிடுகிறார்கள்.

குடும்பத்தின் மொத்த மாத வருமானம், ரூபாயில்.
கட்டத்தில் ஆறு இலக்கத்துக்கு இடம் விட்டிருக்கிறார்கள்.
திரிலோக்புரிக்கு ஐந்தே போதும்.
சாலையைத் தாண்டி மயூர் விஹாரில்
ஆறும் வேண்டும், சில வீட்டுக்கு ஏழு,
ஆனால் அங்கே வாட்ச்மேன் மேலே விடுவதில்லை.

நஃபீஸ் இ-ரிக்‌ஷாவை விட்டு இறங்காமலே சொன்னார்:
நாளுக்கு எண்ணூறு,
பேட்டரி வாடகை போக, போலீஸ் போக, மழை போக.
"போனதையெல்லாம் எழுதிக்கொள்வீர்களா?"
போனதற்குக் கட்டம் இல்லை.

மாரக்காள் தமிழில் சொன்னாள்,
இந்தியில் கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டாள்:
நாலு வீடு, பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு.
பிறகு வாசலை எட்டிப் பார்த்துவிட்டு,
"பத்துன்னு போட்டுக்க.
அந்த ரெண்டரை அந்தாளுக்குத் தெரியாது."
பத்து என்று போட்டேன்.
அவள் புருஷனுக்குத் தெரியாதது
அரசாங்கத்துக்கு எதற்கு.

மூன்றாம் நாள், கடிதம் காட்டி, ஆதார் காட்டி,
ஏழாவது மாடி வரை போய்விட்டேன்.
திருமதி பட்நாகர், செலவுப் பகுதி, வீட்டு வேலைக்கு:
நாலாயிரத்து ஐந்நூறு.
வேலைக்கு வருவது யார் என்று கேட்கக் கூடாது.
கேட்டேன்.
அவளேதான். அவள் கணக்கில் இந்த வீடு மூவாயிரம்.
மிச்ச ஆயிரத்து ஐந்நூறு
லிஃப்டில் இறங்கும்போது எந்த மாடியில் நின்றுகொண்டது?

தனேஜா சாருக்குச் சராசரி பிடிக்காது.
"ஒரே ஒரு பண்ணைவீட்டுக்காரன் வந்து நின்றால்
மாவட்டமே பணக்காரனாகிவிடும், மேடம்.
வரிசையாக நிறுத்துங்கள். நடுவீட்டைக் கேளுங்கள்."

நிறுத்தினேன்.
கிழக்கு டெல்லியில் என் கைக்கு வந்த முப்பத்தெட்டு வீடுகள்
ரேஷன் கடையில் போல, ஆனால் சத்தமில்லாமல்,
கூலரும் சிலிண்டரும் கைக்குழந்தையுமாக
ஒன்றன் பின் ஒன்று.
கடைசியில் நிற்பவனிடம் எட்டு லட்சம் இருந்தாலும்
எண்பது லட்சம் இருந்தாலும்
நடுவில் இருப்பவருக்கு ஒன்றும் ஆவதில்லை.
(இதில் மட்டும் கணிதமும் ஊரும் ஒத்துப்போகின்றன.)

முப்பத்தெட்டு இரட்டைப்படை. நடுவில் ஒரு வீடு நிற்காது.
பத்தொன்பதாவது: இருபத்தோராயிரத்து முந்நூறு.
இருபதாவது: இருபத்திரண்டாயிரத்து நூறு.
இரண்டுக்கும் நடுவே இருபத்தோராயிரத்து எழுநூறு,
அந்த வருமானத்தில் இந்த மாவட்டத்தில்
நான் பார்த்த யாரும் சமைக்கவில்லை.

பத்தொன்பதாவது மாரக்காள் வீடு.
புருஷனின் பெயின்ட் கூலியும் அவளுடைய பத்தும்.
அந்த இரண்டரையையும் எழுதியிருந்தால்
இரண்டு வீட்டையாவது தாண்டி முன்னே போயிருப்பாள்,
மாவட்டமும் அறுநூற்று ஐம்பது ரூபாய் உயர்ந்திருக்கும்.
என் பேனா அவளையும் அதையும்
பிடித்து நிறுத்திவிட்டது.

"முப்பத்தெட்டு போதாது," என்றார் சார்.
"அக்கம்பக்கத்தில் கடன் வாங்கிக்கொள்ளுங்கள்."
ஷாதராவிடம் கொஞ்சம், தென்கிழக்கிடம் கொஞ்சம்,
மின்கட்டணம், கூரை தகரமா கான்கிரீட்டா, எல்லாம் சேர்த்து
சூத்திரம் இரவெல்லாம் ஓடியது.
வலிமையைக் கடன் வாங்குதல் என்று அதற்குப் பெயராம்.
மாரக்காளும் இருபத்தைந்தாம் தேதிக்கு மேல்
அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுகிறாள்.
பெயர் தெரியாது, வட்டி தெரியும்.

காலையில் விடை வந்திருந்தது:
இருபத்திரண்டாயிரத்து எண்ணூற்று அறுபது.
பிழை, மேலும் கீழும் மூவாயிரத்து நூறு.
நல்ல அகலம்.
அவளுடைய இரண்டரை அதற்குள்ளே
கால் நீட்டிப் படுத்துக்கொள்ளலாம்,
யாரும் தேடி வர மாட்டார்கள்.

சார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு,
"தொள்ளாயிரமாக்கிவிடுங்கள், பார்க்க நன்றாயிருக்கும்."
ஆக்கினேன்.
நாற்பது ரூபாய்.
மெட்ரோவிலிருந்து திரிலோக்புரிக்குப் போக இருபது, வர இருபது,
நஃபீஸிடம் ரசீது கிடையாது என்பதால்
அலுவலகம் எனக்குத் தராத நாற்பது.