எழுத்துக்கு இரண்டு வெள்ளி

கப்பலுக்குப் பெயர் எழுதுகிறவன் நான்.
பினாங்குத் துறைமுகத்தில் அப்போது
எழுத்துக்கு இரண்டு வெள்ளி.
முகப்பில் இரு பக்கம், பின்புறம் ஒன்று.
பின்புறத்தில் பெயருக்கடியில் ஊரும் உண்டு.
நீளமான ஊர் அமைந்தால்
அன்றைக்கு ஆட்டிறைச்சி.

இதை முதலில் பார்த்தது நாற்பத்தேழில்.
போர்க்காலத்தில் பால்டிமோரில்
நாற்பத்தோரு நாளில் ஒட்டி இறக்கினார்களாம்,
ஆணி அடிக்க நேரமில்லாமல்.
ஒரே ஒரு தடவை கரை சேர்ந்தால் போதும்,
போட்ட காசு வந்துவிடும் என்று கணக்கு.
குண்டும் கோதுமையும் சுமந்து
பதினோரு தடவை போய்வந்திருந்தது.

'ஹோரஸ் பிட்மன்' என்ற பெயரை
இரும்பிலேயே பற்றவைத்திருந்தார்கள்.
சாயத்தைச் சுரண்டினால் விரலில் தட்டும்.
'ஆர்' எழுத்துக்கு மட்டும் வால் நீளம்;
வேலை முடியும் நேரத்தில்
யாரோ ஒருத்தி கையை எடுக்க மறந்திருக்கிறாள்.

கிரேக்கன் வாங்கியிருந்தான்.
மேலே 'அகியா தெக்லா' எழுதினேன்.
கொப்பரை, ரப்பர், ரங்கூன் அரிசி.
ஐம்பத்திரண்டில் வந்தபோது
மூன்றாம் அறை வாசலில் விரிசல்.
ஆ ஹெங் அதன் நுனியில் ஒரு துளை போட்டான்.
ஓட்டை போட்டால் நிற்குமா என்றேன்.
"போக இடம் கேட்குது.
வட்டமாக் கொடுத்தா அங்கேயே சுத்திக்கிட்டு இருக்கும்."

அறுபதில் ஹாங்காங் முதலாளி.
'கோல்டன் ஆர்க்கிட்', ஊர் பனாமா.
பனாமாவுக்குப் போனதே இல்லை என்றான் ரேடியோக்காரன்.
ஒரு முற்பகலில் அந்த நாட்டுக் கப்பலாகிவிட்டது.
நான் மூன்றாவது மனு கொடுத்திருந்த வருடம்.
சிவப்பு அட்டையில்
மரியசூசையில் பாதி விட்டுப்போய்
மரியா என்று நின்றது.
திருத்த எழுத்துக்கு எவ்வளவு என்று கேட்டேன்.
குமாஸ்தா சிரிக்கவில்லை.

அறுபத்தொன்பது.
எனக்கு வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டுமாம்.
அது வெளித்துறையில் துருவோடு நிற்கிறது,
உடைபடக் காவ்சியுங் போகிறது.
"கோல்டனை அழித்துவிடு,
வழிக்கு ஆர்க்கிட் போதும்" என்றார் ஏஜெண்டு லிம்.

தொங்குபலகையில் உட்கார்ந்து கறுப்புப் பூசினேன்.
மூன்றாவது எழுத்தில்
தூரிகை எதிலோ இடறியது.
அந்த வால்.
ஒரு கை ஓய்ந்தேன்.
பிறகு அதன்மேலும் பூசினேன்.

அழிப்பது எழுதுவதாகுமா, பாதிதான் என்றார் லிம்.
ஆங்கிலத்தில் ஆறு எழுத்து, மூன்று இடம்,
பதினெட்டு வெள்ளி.
அடியில் இருந்ததற்கும் சேர்த்துப் போடுங்கள் என்றேன்.
எதன் அடியில் என்று கேட்டார்.

மறுநாள் முக்கா ஹெட் பக்கம் திரும்பியது.
பின்புறம் கொஞ்ச நேரம் தெரிந்தது.
பனாமாவை மட்டும்
யாரும் அழிக்கச் சொல்லவில்லை.