ஒரு டன் கம்பியின் விலை

செம்புதாஸ் தெருவில் முப்பது வருஷமாய்
டன் கணக்கில் இரும்பு விற்கிறவன் நான்.
எட்டு எம்எம், பத்து எம்எம், ஆங்கிள், சேனல்.
எடைமேடை சொன்னாலும் நம்பாமல்
கண்ணால் ஒருமுறை நிறுத்துப் பார்ப்பவன்.
போன ஆடியில், தள்ளுபடி ஏதும் இல்லாமல்,
முந்நூற்று ஐம்பது கிராம் எஃகை
அறுபத்திரண்டாயிரம் கொடுத்து வாங்கினேன்.
அன்றைய தேதிக்கு ஒரு டன் கம்பி
அதைவிடக் கொஞ்சம் மலிவு.

"பட்டர் வாங்கினேன்" என்றேன் வீட்டில்.
"உப்பு போட்டதா, போடாததா?" என்றாள் மங்கையர்க்கரசி
தோசைக்கல்லிலிருந்து திரும்பாமலே.
கோல்ஃப் பந்தைக் குழிக்குள் தள்ளுகிற மட்டை என்று விளக்கி,
விலையில் ஒரு சைபரைக் கடலில் போட்டுவிட்டுச் சொன்னேன்.
"ஆறாயிரத்து இருநூறா? தள்ளுறதுக்கா?"
அந்தச் சைபர் இன்னும்
துறைமுகத்துப் பக்கம் மிதக்கிறது.

கடைப் பையன் பதினொரு மட்டைகளைச் சாய்த்து வைத்தான்.
சிலவற்றுக்கு நண்டு மாதிரித் தலை.
கேமரா வைத்து என் மணிக்கட்டின் களவுகளைத்
திரையில் போட்டான்:
"சார், உங்க கை கடைசியில கதவு மாதிரித் திறக்குது."
ஏழாவது மட்டைக்கு அவன் ஒன்றும் சொல்லவில்லை.
மெலிந்த தலை. ஒரே கட்டியில் கடைந்தெடுத்தது.
முகமெங்கும் மீன்செதிலாய் உளி ஓடிய தடம்.
பந்தைத் தொட்டதும் வந்த சத்தம்,
எப்படிச் சொல்ல,
மூடிய அறைக்குள் யாரோ
"ம்" என்றது போல.

மறுநாள் கோடவுனில் ஏசுபாதம் அதை வாங்கி
நகத்தால் சுண்டினான். காதருகே வைத்தான்.
தோளில் இரும்பு ஏற்றியே பழகிய காது.
"சரக்கு பேஷா கீது மொதலாளி.
ஆனா இத்த வச்சி இன்னாத்த ஒடைப்ப?"
"எதையும் ஒடைக்கக் கூடாது, அதான் வெளையாட்டு."
"அப்ப துட்டு வேஸ்ட்டு" என்று
பீடி பற்றவைக்கப் போனான்.

எட்டு மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
கம்பிக் கட்டுகளுக்கு நடுவே பயிற்சி.
குழிக்குப் பதில்
படுக்க வைத்த நாலங்குலக் குழாய்த் துண்டு.
அசல் குழி இன்னும் காலங்குலம் பெரிது;
அந்தத் தயவு ஞாயிற்றுக்கிழமை கிடைக்கட்டும்.
தரை சாக்கடைப் பக்கம் சரிகிறது,
இரண்டு விரல் மேலே குறிவைக்க வேண்டும்.
துருத்தூளில் பந்து போன வழி கோடாய் விழும்:
முதல் ஒரு சாண் வழுக்கல், அப்புறம் உருளல்.
ஐம்பதுக்கு நாற்பத்தாறு உள்ளே.
பந்தெல்லாம் செம்மண் நிறம்.

ஞாயிறு, கிண்டி.
பதினெட்டாவது குழிக்கு மூன்றடி.
புல் ஈரம், சாய்வு ஒரு நூல்கூட இல்லை.
எதிரே ஷேக் தாவூத், கையில் என் பழைய மட்டை,
இரண்டாயிரத்துக்கு நான் தள்ளிவிட்டது,
பிடியில் என் கட்டைவிரல் தேய்த்த பள்ளம் அப்படியே.
பத்தடியிலிருந்து அதைக்கொண்டு உள்ளே போட்டுவிட்டுத்
தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

அடித்தேன்.
"ம்" என்றது.
பந்து குழியின் உதட்டைத் தொட்டு,
யோசித்து,
வெளியே நின்றது.

பழையது கையிலிருந்தபோது வாய் நிறையச் சொல்ல இருந்தது:
தலை கனம், பிடி வழுக்கல், வார்ப்பு சரியில்லை.
இப்போது குனிந்து மட்டையைப் பார்த்தேன்.
குறை சொல்ல ஓரிடம் விடாமல்
கடைந்து தொலைத்திருக்கிறான் பாவி.

திங்கள் காலை கொடுங்கையூரில் வீடு கட்டுகிறவர்
கோபமாய்ப் படியேறினார்:
"உங்க கம்பி கோணலா நிக்குதுங்க."
"கம்பி நேராத்தாங்க இருக்கு, வளைச்சது உங்க..."
நாக்கு அங்கேயே நின்றுவிட்டது.

அவருக்கு ஒரு டீ சொன்னேன்.
பில்லில் முந்நூற்று ஐம்பது ரூபாய் அடித்தேன்.
"இது இன்னா மொதலாளி?" என்றான் ஏசுபாதம்.
"எடைக் கழிவு" என்றேன்.