ஓஷ்யா

காலை ஆறரைக்கு வாசலில் ஹார்ன் அடிக்கிறவன் பெயர்
வண்டி.
குறில்தான், நெடில் இல்லை.
பைக் டாக்சி ஓட்டுகிறான்.
முதல் நாள் பெயரைக் கேட்டு நடுத்தெருவில் நின்று சிரித்தேன்.
எங்கள் மொழியில் நீ ஓட்டுவதற்கும் அதுதான் பெயர் என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.
பெரியப்பாவின் பெயர், ஏறு, என்றான்.

மழை விட்ட மறுநாள் கெனிமா முழுக்கச் செம்மண் சாந்து.
மணிக்கூண்டு தாண்டும்வரை
பூமுய்! பூமுய்! என்று பிள்ளைகள் பின்னால் ஓடி வரும்.
வெள்ளைக்காரி என்று அர்த்தம்.
ஒருநாள் இறங்கி, என் முழங்கையை
பைந்து என்கிற பொடிசின் முழங்கையோடு ஒட்டிவைத்துக் காட்டினேன்.
அவள் நெடுநேரம் பார்த்தாள்.
கருப்புப் பூமுய், என்று தீர்ப்பு சொன்னாள்.
ஊரில் தரகர் என்னை மாநிறம் என்று எழுதவே
அம்மா மூன்று முறை காபி போடவேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியின் பின்கட்டில்
நன்கொடையாக வந்த மெஷின்கள் படுத்திருக்கின்றன.
ஒன்றுக்குக் கையேடு கொரிய மொழியில்.
ஒன்றின் ஒயரை எலி தின்றிருக்கிறது.
நூற்றிப்பத்து வோல்ட்டுக்குப் பிறந்ததை
யாரோ இருநூற்றி முப்பதில் செருகி
வயிறு கருகிக் கிடக்கிறது ஒன்று.
ஸ்டோர் கீப்பர் லகாய், டொனேஷன் என்ற சொல்லை
பூட்டைத் திறப்பதுபோல நிதானமாக உச்சரிக்கிறார்.
ஆறு ஆக்சிஜன் மெஷின்களைப் பிரித்துக் கொட்டி
இரண்டை எழுப்பினேன்.

மதியம் மரவள்ளி இலைக் குழம்பு, சிவப்புப் பாமாயில், சோறு.
ரொட்டி தின்றுவிட்டேன் என்றால்
நர்ஸ் தென்னே ஒப்புக்கொள்ள மாட்டாள்:
அப்படியானால் இன்னும் சாப்பிடவில்லை.
இதை எனக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் ஓஷ்யா?
கல் தடுக்கினால் எதிரே போகிறவள் ஓஷ்யா என்பாள்.
டயர் பஞ்சர் ஆனால் ஓஷ்யா,
கிணற்றில் வாளி விழுந்தால், பரீட்சையில் பையன் தோற்றால்,
வீட்டில் யாராவது போய்விட்டால்.
எல்லாவற்றுக்கும் ஒரே படி, ஒரே அளவு.
பாவம் என்று சொல்லிப் பார்த்தேன்.
அதில் கொஞ்சம் மேலே நின்று பார்ப்பது இருக்கிறது.
அடடா சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது.
நோட்டில் அதன் எதிரே இடம் விட்டு வைத்தேன்.

வியாழன் இரவு கரண்ட் போனது.
ஜெனரேட்டரில் டீசல் இருந்தது.
மாற்றும் சுவிட்ச்தான் சிக்கிக்கொண்டது.
மாற்றித் தரச் சொல்லி நானே
இரண்டு வாரம் முன்னால் எழுதிக் கொடுத்த சுவிட்ச்.
டார்ச்சை வாயில் கவ்வி
பதினோரு நிமிடம்.
விளக்கு எரிந்ததும் தெரு முழுக்க எப்போதும்போல ஆரவாரம்,
லைட் டோன் கம்! லைட் டோன் கம்!
யாரோ பாத்திரத்தைத் தட்டினார்கள்.
இரண்டாம் கட்டிலில் ஆறு நாள் குழந்தை.
பெயர் வைக்க இன்னும் ஒரு நாள் இருந்தது.

விடிந்தபோது ஜெபே துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.
சின்னத் துணிகள். மடிக்க ஒன்றுமே இல்லாத அளவு சின்னவை.
நான் போய் நின்றேன்.
சுவிட்ச் பெட்டியின் தகரம் கிழித்த என் விரல்களைப் பார்த்தாள்.
ஓஷ்யா, என்றாள்.
விரலுக்கா
என்று கேட்கவில்லை நான்.

அன்று திரும்பும்போது வண்டி
பள்ளங்களில் வழக்கத்தைவிட மெதுவாகப் போனான்.
காசை எண்ணித்தான் வாங்கிக்கொண்டான்.

திங்கட்கிழமை பழைய சுவிட்சையே கழற்றி
உப்புத்தாளால் தேய்த்துத் திரும்பப் பூட்டினேன்.
புதிது தலைநகரிலிருந்து நாளை வருமாம்.
நாளை என்பது இங்கேயும் கிழமை இல்லாத நாள்.

சந்தையில், குவித்துவைத்த வெங்காயம்
ஒருத்தியின் பலகையிலிருந்து சரிந்து சாக்கடைப் பக்கம் உருண்டது.
ஐயையோ வருவதற்கு முன்னால்
வாய் ஓஷ்யா என்றுவிட்டது.
குனிந்து ஏழெட்டைப் பொறுக்கிக் கொடுத்தேன்.
அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். நன்றி சொன்னாள்.
அப்புறம் ஐந்து வெங்காயத்துக்கு
அதே பூமுய் விலைதான் சொன்னாள்.