முக்கால் திருகு

கஸ்பாரும் கூப்பிட்டார், இன்னாசியும் கூப்பிட்டார்.
அண்ணன் தம்பி. மேல்வீடு, கீழ்வீடு.
பனைமரத்தொட்டியில் ஒரே வாசல், ஒரே மாடிப்படி,
படிக்கு மேலே ஒன்பது வாட் பல்பு ஒன்று.
இரண்டு போனிலும் ஒரே பேச்சு:
"அவன் கைபட்டு லைட்டு அணையக் கூடாது.
அந்தப் பக்கத்து சுவிட்ச்சை வெட்டி விட்டுடு."

காலையில்தான் கல்மண்டபத்தில் ஒருவரைத் திட்டிவிட்டு வந்திருந்தேன்.
கீசருக்கு ஆறு ஆம்பியர் சுவிட்ச் போட்டிருந்தார்.
வெந்த பிளாஸ்டிக் நாற்றம் குளியலறை முழுக்க.
கீசருக்குப் பதினாறு, அதில் பேரம் கிடையாது.
சின்னத் தோளில் பெரிய மூட்டையை ஏற்றினால்
தோள் கத்தாது, கருகும்.

அடுத்த தெருவில் எம்சிபி விழுகிறது என்றார்கள்.
ஏன் விழுந்தாய் என்று அதை ஒருவரும் கேட்கவில்லை.
தூக்கித் தூக்கி விட்டிருக்கிறார்கள், பதினோரு தடவை.

எனக்கு பெல் சுவிட்ச் பிடிக்கும்.
அமுக்கினால் பேசும், விரலை எடுத்தால் விட்டுவிடும்,
மனசில் எதையும் வைத்துக்கொள்ளாது.

படிக்கட்டு சுவிட்ச் வேறு சாதி.
நம் ஊரில் கீழே தட்டினால் எரியும், மேலே தட்டினால் அணையும்,
குழந்தைக்கும் தெரியும்.
இதற்கு அந்தச் சட்டம் இல்லை.
மூன்று திருகாணி, அதில் ஒன்று பொது.
மற்ற இரண்டிலிருந்து இரண்டு கம்பி சுவருக்குள் ஏறி
அந்தப் பக்கத்து இரண்டைப் போய்த் தொடும்.
இருவரும் ஒரே கம்பியில் நின்றால் வெளிச்சம்,
ஆளுக்கொன்றில் நின்றால் இருட்டு.
இன்னாசியிடம் இதை விரல் வைத்துக் காட்டினேன்.
"அதெல்லாம் சரி, வெட்டு" என்றார்.

எட்டு மாதமாம்.
அண்ணி எமிலியா ஆறாவது படியில்
இட்லி மாவுத் தூக்கோடு விழுந்த ராத்திரியிலிருந்து.
கிறிஸ்துமஸ் கேக் கூட
எதிர்வீட்டுப் பையன் கையில்தான் மேலிருந்து கீழே வந்தது.
வந்தது, அதைச் சொல்ல வேண்டும்.

மேல்வீட்டுப் பெட்டியைக் கழற்றினேன்.
காய்ந்த பல்லி ஒன்று, சுண்ணாம்புத் தூள்.
ஒரு கம்பி திருகாணிக்குள் இல்லை,
பக்கத்தில் சும்மா சாய்ந்துகொண்டிருந்தது,
நுனி கறுத்து.
மெயினை இன்னும் இறக்கவில்லை.
துறைமுகச் சாலையில் கண்டெய்னர் லாரி ஒன்று
பள்ளத்தில் இறங்கி ஏறியது.
சுவர் ஒரு தும்மல் தும்மியது.
பல்பு அணைந்தது.

"பாத்தியா, கீழேர்ந்து அணைச்சிட்டான்!" என்றார் கஸ்பார்.
கைப்பிடிச் சுவரில் குனிந்து பார்த்தேன்.
சுவிட்ச்சுக்கு எட்டடி தள்ளி, கையில் டீ டம்ளரோடு
இன்னாசி மேலே பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்:
"பாத்தியா, மேலேர்ந்து அணைச்சிட்டான்!"

மெயினை இறக்கினேன்.
புதுச் செம்பு சிரிக்கும்வரை நுனியைச் சீவினேன்.
உள்ளே நுழைத்து, முக்கால் திருகு.
அவ்வளவுதான் வேலை.

லூஸ் கனெக்‌ஷன் என்றேன் மேலே.
லூஸ் கனெக்‌ஷன் என்றேன் கீழே.
ஒரே அப்பாவின் புருவம் இரண்டு முகத்திலும் ஏறியது.
"அவன்கிட்ட எவ்ளோ வாங்கினே?"
ஆளுக்கு நூற்றைம்பது, அதைத்தான் வாங்கினேன்.
வெட்டச் சொன்ன எதையும் வெட்டவில்லை.

டெஸ்டரை மேலே மறந்துவிட்டு, மறுபடி ஏறி, எடுத்து, இறங்கினேன்.
நன்றாக இருட்டியிருந்தது.
ஆறாவது படியில் விளிம்பு உடைந்திருக்கிறது, பார்த்தேன்.
அது கொத்தனார் வேலை.

கடைசிப் படி.
இருபத்திரண்டு வருஷப் பழக்கம்,
விளக்கை எரியவிட்டு ஓர் இடத்தை விட்டுப் போக என் கைக்கு வராது.
தட்டினேன்.
டக் என்று சுத்தமான சத்தம்.

வண்டியை உதைக்கும்போது கேட்டது,
மேல்வீட்டு ஜன்னலிலிருந்து:
"பாத்தியா எமிலியா, அணைச்சிட்டான்!"