காப்பிக்கொட்டைக் கிண்ணம்

மூன்று அத்தருக்கு மேல் முகர்ந்தால்
மூக்கு பொய் சொல்லத் தொடங்கும்.
அதற்காகத்தான் கவுண்டரில் ஒரு கண்ணாடிக் கிண்ணம்,
விளிம்பு வரை வறுத்த காப்பிக்கொட்டை.
"இதை ஒருதரம் மோந்துட்டு, அப்புறம் அடுத்தது மேடம்."
ஷார்ஜா மாலில் பதினோரு வருடமாக
இதையே மூன்று மொழியில் சொல்கிறேன்.
ஊது எந்த நாட்டு மரமென்று
மூடியைத் திருகும்போதே எனக்குத் தெரிந்துவிடும்.

அந்த மூக்குதான்
ஜெரிஷாவின் அறையில் நின்றுகொண்டு
நகப்பூச்சு அழிக்கிற தண்ணி வாசம் என்றது.
பதினாறு வயசு, நகம் பூசுகிறாள் போல என்றது.
அவள் நகங்களை நான் பார்க்கவில்லை.

ஒன்பது வயதில் அவளுக்குச் சர்க்கரை.
ஒப்பந்தம் இல்லாமல் உள்ளறையில் படுத்துக்கொண்ட
பெட் ஸ்பேஸ்காரனைப் போல வந்து
போகவே இல்லை.
அன்றிலிருந்து எங்கள் வீட்டில்
இட்லிக்கு ஒரு எண், திராட்சைக்கு ஒரு எண்,
கேக்கை நிறுத்துப் பார்த்த பிறகுதான் மெழுகுவர்த்தி.
தட்டைக் கணக்காகப் பார்க்க அவளைப் பழக்கியவள் நான்.

பத்தாம் வகுப்பில் மெலிந்தாள்.
"ஹீரோயின் கணக்கா ஆயிட்டாளே குட்டி" என்றாள்
நாகர்கோவிலிலிருந்து வீடியோவில் சித்தி.
ரிக்கிலிருந்து லீவில் வந்த அவள் அப்பா
இரண்டு முறை போட்டோ எடுத்தார்.
ஈஸ்டருக்கு வாங்கிய ஃப்ராக்கை
இரு பக்கமும் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன்,
பெருமையாக.
அன்று எனக்குத் தெரிந்த ஊசி அது ஒன்றுதான்.

ராத்திரியெல்லாம் தண்ணீர் குடித்தாள்.
"ஆகஸ்ட்டும்மா, ஒட்டகமும் குடிக்கும்" என்றாள்.
சிரித்தேன்.
ஃப்ரிட்ஜில், கறிவேப்பிலைக் கட்டுக்குப் பின்னால்,
இன்சுலின் பேனாக்கள் மாதம் முடிந்தும் குறையவில்லை.
இன்ஷூரன்ஸ்காரன் தாராளமாகத் தருகிறான் என்று
கர்த்தருக்கு நன்றி சொன்னேன்.

அல் நஹ்தாவில், ஸ்கூல் பஸ்ஸின் முதல் படியில்
சரிந்தாள்.

ஐசியூவில் இரண்டாம் இரவு
முகம் கொஞ்சம் உப்பியிருந்தது.
கண்ணாடி கேட்டாள். கொடுக்கவில்லை.
கோட்டயத்து நர்ஸ் திரைச்சீலையை இழுத்துவிட்டு
அவள் காதருகே குனிந்தாள்:
"மறந்நதா மோளே, வேண்டாந்நு வெச்சதா?"
ஏழு வருடத்தில் நான் கேட்காத கேள்வி.
ஜெரிஷா கூரையைப் பார்த்தபடி சொன்னாள்:
"மெலிஞ்சவளைத்தானே எல்லாருக்கும் பிடிச்சிருந்தது."

எல்லாருக்கும் என்றபோது
என் பக்கம் அவள் திரும்பவில்லை.
அது கருணையா, தெரியவில்லை.

இப்போது வியாழன்தோறும் ஒரு டாக்டரிடம் பேசுகிறாள்.
வெளியே மீன்தொட்டி அருகே நான்.
உள்ளே என்னைப் பற்றியும் பேசுவாள். பேசட்டும்.
எடை பார்க்கும் இயந்திரத்தை
கீழே குப்பைத்தொட்டி ஓரம் வைத்தேன்;
லிஃப்ட் ஏறி வந்து ஜன்னலில் பார்ப்பதற்குள்
யாரோ எடுத்துப் போயிருந்தார்கள்.
சித்தியிடம் சொல்லிவிட்டேன்:
உடம்பைப் பற்றியோ சாப்பாட்டைப் பற்றியோ
அவளிடம் ஒரு வார்த்தை பேசக்கூடாது.
"பின்ன என்னத்தப் பேச?" என்றாள் சித்தி,
நிஜமாகவே புரியாமல்.

வேலை முடிந்து வந்ததும்
கைப்பையைக்கூட இறக்காமல் குளியலறைக்குள் போய்
முழங்கை வரை சோப்பு போடுகிறேன்,
கஸ்தூரி, ரோஜா, ஊது எல்லாம் கழன்று போகும்வரை.
கடையிலிருந்து ஒரு பிடி காப்பிக்கொட்டை
டிஷ்யூவில் மடித்துக் கொண்டுவந்தது இருக்கிறது.
அதை மோந்துவிட்டு
அவள் கட்டிலருகே குனிகிறேன்.

"முத்தமா, சோதனையா?"
"ரெண்டும்தான் மக்ளே."

கண் திறக்காமலே ஹா என்று
என் முகத்தில் விட்டாள் மூச்சை.
பற்பசை.
புதினாவுக்கு அடியில் வேறெதுவும் இருக்கிறதா,
இல்லாததைத்தான் தேடுகிறேனா.

இன்னொருதரம் ஊது என்றேன்.