ஐந்தாவது கையெழுத்து

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு
கடன்காரப் பெடியன் வருவான்.
பாலைமரத்துக்குக் கீழ மோட்டச்சைக்கிளை விட்டு
ஹெல்மெட்டைக் கழட்டாமலே பேர் கூப்பிடுவான்.
நாங்கள் அஞ்சு பேர்.
ஒருத்தி கட்டாட்டி மற்ற நாலு பேரும் கட்டோணும்.
அதுமட்டும் ஒருத்தரும் எழும்பேலாது.
குழு எண்டு அதுக்குப் பேர்.

என்ர கடன் கோழிக்கு.
கோழி கழிச்சலில செத்துப்போச்சு, கடன் இருக்கு.
சிவபாக்கியத்தின்ர கடன் கிணத்துக்கு;
இருபத்தெட்டு அடியில கல்.
லூர்தம்மாவும் கௌசியும் எடுத்தது
முதல் எடுத்த கடனை அடைக்க.
புஸ்பகாந்திக்குத் தையல் மெசின்.
மூண்டு மாதம் பள்ளிக்கூடச் சட்டை தைச்சாள்.
பிறகு ஒட்டுசுட்டான் சந்திக் கடைக்காரன்
தைச்ச சட்டையைக் கட்டுக்கட்டா இறக்கினான்,
அவள் வாங்கிற துணியிலும் விலை குறைவா.

அதுக்குப் பிறகுதான் அந்த நாலே முக்கால் பஸ்.
வெள்ளி பின்னேரம் ஏறினால்
ஞாயிறு காலமை இறங்குவாள்.
வவுனியாவில காமென்ஸ் எண்டாள்.
நாங்களும் காமென்ஸ் எண்டு வைச்சுக்கொண்டம்.
ஓட்டோ தயாபரன்தான்
சந்தியில நிண்டு லொட்ஜின்ர பேரைச் சொன்னவன்,
அறை நம்பரோட.
உனக்கெப்பிடித் தெரியும் எண்டு
ஒருத்தரும் அவனைக் கேக்கேல்லை.

பொதுக்கிணத்தில அவள் தொட்ட வாளியை
சாம்பல் போட்டுத் தேய்ச்சினம்.
அவளின்ர பெடியன் பள்ளிக்கூடத்தால
இடைவேளையோட ஓடிவந்திடுவான்.
என்ன நடந்தது எண்டு தாயிட்டைச் சொல்லான்;
ஆட்டுக்குக் குழை முறிச்சுக்கொண்டு நிப்பான்.
புருசன் காணாமல் போய்ப் பதினொரு வருசம்.
தேடித்தர ஒரு கந்தோருமில்லை.
அவருக்குத் துரோகம் செய்யிறாள் எண்டு சொல்ல
ஊர் முழுக்க இருக்கு.

ஆடி. குளம் வெடிச்சுக் கிடந்த ஒரு செவ்வாய்
எங்கள் நாலு பேரிட்டையும் காசில்லை.
பதினொண்டு. பன்னிரண்டு.
லூர்தம்மாவின்ர குழந்தை பாலுக்கு அழுது
அழுகையைக் களைச்சுப்போய் விட்டிட்டுது.
"அக்காமார், எனக்கும் மேல ஆக்கள் இருக்கு,
இருட்டினாலும் இருப்பன்" எண்டான் பெடியன்.
புஸ்பகாந்தி கைப்பையைத் திறந்தாள்.
சவுக்காரம் சுத்தின கடதாசிக்குள்ள தாள்கள்.
அஞ்சு பேருக்கும் எண்ணி வைச்சாள்.
அவன் ஒரு தாளை வெயிலில பிடிச்சுப் பாத்தான்.
நல்ல தாள்தான்.
நாங்கள் நாலு பேரும் கையெழுத்துப் போட்டம்.
அஞ்சாவதா அவள் போட்டாள்,
தகப்பன்ர பேரோட, முழுசா,
பள்ளிக்கூடத்தில பழக்கின மாதிரி.
நன்றி எண்டு சொன்னது ஆர்?
நான் சொல்லேல்லை.
சேலையில மண்ணைத் தட்டிக்கொண்டு எழும்பினன்.

ஆவணியில என்ர மகளுக்குச் சாமத்தியச் சடங்கு.
எண்பது காட் அடிச்சது.
"உவளுக்கும் குடுக்கப்போறியோ?" எண்டா மச்சாள்.
நான் மறந்துபோறதெண்டு முடிவெடுத்தன்.
அப்பிடியும் முடிவெடுக்கலாம்.
ஆனால் பிளவுஸ் துணி அவளிட்டைக் குடுத்து
ஒரு மாதமாயிருந்தது.
சடங்குக்கு முதல்நாள் பெடியன் கொண்டுவந்து தந்தான்,
இஸ்திரி போட்டு, பின்கழுத்தில ஏழு கொக்கி.
கூலியைக் கேக்காமல் ஓடிட்டான்.
அதைப் போட்டுத்தான் பிள்ளை மணவறையில நிண்டது.
வடிவான தையல் எண்டு மச்சாளும் தொட்டுப் பாத்தா.
ஆர் தைச்சது எண்டு கேட்டா.
ரவுனில, எண்டன்.

அடுத்த செவ்வாய்
அவள் கொஞ்சம் தள்ளி வேரில இருந்தாள்.
பேர் கூப்பிட, தன்ரதை மட்டும் கட்டினாள்.
எனக்கு முகத்தை எங்க வைக்கிறதெண்டு தெரியேல்லை.
போகேக்கை கிட்ட வந்து கேட்டாள்:
"பிள்ளைக்குக் கை இறுக்கமா இருந்ததோ?"
கொஞ்சம், எண்டன்.
"உள்ளுக்கு ஒரு இஞ்சி விட்டுத்தான் தைச்சனான்.
அவிட்டுப் பார்.
வளருற பிள்ளையெல்லோ."